எண்ணெய் போன இடம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

எண்ணெய் அகப்பட்டுவிட்டது. நான் ஓட்டும் பழைய டிராக்டரின் பின்சக்கரத்தை நேற்றுக் கழற்றினோம். ஊற்ற ஊற்றக் குறைந்த கியர் எண்ணெய் முழுவதும் பிரேக் டிரம்முக்குள் குழம்பாய்க் கிடந்தது. உள்ளே எண்ணெயை அடைக்கும் சீலின் தோல் கிழிந்து, வெளியே சொட்டுக்கூடத் தெரியாமல் கசிந்திருக்கிறது.

"எண்ணெயத் திருடி டவுன்ல விக்கிறான்" என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் என்னைச் சொன்ன கணக்கப்பிள்ளையின் கையைப் பிடித்து அந்த டிரம்முக்குள்ளேயே விட்டேன். வெள்ளைச் சட்டை முழங்கைவரை கறுத்துப்போனது. "சரிப்பா, விடு, நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்றார்.

"இதையே பெரட்டுலயும் சொல்லுங்க" என்றேன். இன்று காலை சொன்னார்.

புதுச் சீல் போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு கோயில் இறக்கத்தில் வந்தேன். பிரேக்கை மிதித்த இடத்தில் நின்றது. இத்தனை நாள் அந்த இறக்கத்தில் எப்படி வந்தேன் என்பதை எழுதமாட்டேன்.

தோட்டமே பேசியது எனக்கு உறைக்கவில்லை. "நெசமாவே நீங்க எடுக்கலையா?" என்று கேட்டுவிட்டு உன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாயே, அதுதான் உறைத்தது.

வரும் வழியில் பூண்டுலோயாவில் குளிர் அதிகம்; பாப்பாவைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வா. எண்ணெய் படிந்த காற்சட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டிருக்கிறேன். நீ ஒரு தடவை பார்த்துவிடு, பிறகு துவைக்கலாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்