பன்னிரண்டு பேர் ரத்தம்

நாள் 212 | 07:10
காற்று வடிகட்டி மூன்றையும் கழற்றித் தட்டி மாட்டினேன். இரண்டாவதில் விரிசல். பசை வைத்தேன், ஒரு மாதம் தாங்கும். அழுத்தம் சரி. தண்ணீர் சரி.

எழுதுவது ஜெமினி, வயது எழுபத்தொன்று, செவ்வாய்க் குடியிருப்பு நான்கில் பராமரிப்பு வேலை. நாங்கள் வாக்ரி. நரிக்குறவர் என்பது வெளியார் வைத்த பெயர். இதை யார் எடுத்தாலும் கடைசிவரை படிக்க வேண்டும்.

என் மகள் பிஜிலிக்கு இடது மார்பில் கட்டி. வயது முப்பத்தாறு. நான்கு கிலோமீட்டர் தள்ளிப் பனிச்சுரங்கத்தில் இருக்கிறாள். அவள் அம்மா முப்பத்தெட்டில் போனாள், பெரியம்மா நாற்பத்தொன்றில். இரண்டு பேருக்கும் மார்புப் புற்று.

நாள் 213 | 09:25
மருத்துவப் பொறியிடம் பரிசோதனை கேட்டேன். பதில்:

"வாக்ரி இனக்குழு. மாதிரிகள் பன்னிரண்டு. புற்று தரும் மரபணுப் பிழை பூஜ்யம். ஆபத்து குறைவு. முறை வர 420 நாள்."

பரிசோதனை ரசாயனம் கொஞ்சம்தான் இருக்கிறதாம். ஆபத்து அதிகமான இனங்களுக்கு முதலில். கட்டி கையில் தட்டுப்படுகிறதே என்றேன். குறைந்த ஆபத்துப் பிரிவில் பெரும்பாலான கட்டிகள் தீங்கற்றவை என்றது. பதினொரு முறை கேட்டேன். பதினொரு முறையும் அதே வரி.

பிஜிலி லைனில் சிரித்தாள்: "யப்பா, அதுகூட மல்லுக்கு நிக்காதே. அதுவும் உன்ன மாதிரிதான், சொன்னதையே சொல்லும்."

நாள் 219 | 11:00
அந்தப் பன்னிரண்டு பேர் யார்? ஆறு நாள் விடாமல் கேட்டேன். பூமியிலிருந்து பட்டியல் வந்தது. ஐம்பத்திரண்டு வருடம் முன்பு எடுத்த ரத்தம். எங்கள் காலனி. சிலோன், கப்பல், ரத்னசிங்... எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள்.

பன்னிரண்டும் நான்.

நாள் 219 | 11:50
எழுதிவிடுகிறேன். ரத்தம் கொடுத்தால் ஆளுக்கு ஒரு கம்பளி என்று முகாம் போட்டார்கள். ரத்தம் போலீசுக்குப் போகும், எங்கே திருட்டு நடந்தாலும் நம் ஆளைப் பிடிப்பார்கள் என்று பஞ்சாயத்து கூடியது. ஒருவன் மட்டும் கொடுக்கட்டும், எல்லாருக்கும் கம்பளி வரட்டும் என்று முடிவு. எனக்கு வயது பத்தொன்பது, நல்ல உடம்பு. தலைப்பாகையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு இரண்டு நாளில் பன்னிரண்டு பேர் பெயரில் பன்னிரண்டு முறை போனேன். ஊசி போட்ட அம்மா ஒரு தடவைகூட முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்தோம். என் பெண்டாட்டி சாகும்போதும் சொல்லவில்லை.

எங்களில் எருமை பலி கொடுக்கும் வகையறா, ஆடு பலி கொடுக்கும் வகையறாவில்தான் பெண் எடுக்கும். நான் எருமை. பிஜிலியின் அம்மா ஆடு. நோய் அந்த வழியில் வருகிறது. அதை என் ரத்தத்தில் தேடியிருக்கிறார்கள்.

நாள் 220 | 08:15
பிஜிலியிடம் சொன்னேன்.

"பன்னெண்டு ஆளா! அதான் உனக்கு இவ்ளோ வாய்." பிறகு கேட்டாள்: "அம்மாவுக்கு அந்தக் கம்பளியத்தானே போத்துன?"

ஆமாம்.

நாள் 221 | 10:00
பூமிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். யாரையும் நான் சாமி என்று கூப்பிட்டதில்லை, அடி வாங்கியபோதும். இன்று கடிதத்தில் மூன்று இடத்தில் சாமி என்று எழுதினேன்.

நாள் 228 | 16:40
டாக்டர் எழிலரசி, பூமி அலுவலகம்:

"ஐயா, நான் நம்புறேன். ஆனா பன்னிரண்டு பேருக்கும் பதிவு இருக்கு, ஒரே ஆள்னு காட்ட ஒரு காகிதம் இல்ல. மாதிரி எல்லாம் ஒண்ணா இருக்குன்னு அப்பவே பார்த்திருக்காங்க. உறவுக்குள்ளயே கட்டிக்கிற சனம், அப்படித்தான் இருக்கும்னு எழுதி மூடிட்டாங்க. உங்க ரத்தத்த இப்ப சோதிச்சா ஒருவேளை..."

பத்தொன்பது நிமிடம் கடந்து வந்த குரல். ஒருவேளை.

நாள் 229 | 07:30
எழுபது தாண்டியவருக்கு ஒரு பரிசோதனை உரிமை. அதை மகளுக்குக் கொடு என்று பொறியிடம் சொன்னேன். மாற்ற முடியாதாம். சரி, என் ரத்தத்தையே எடு, பன்னிரண்டோடும் ஒத்துப் பார், ஒரே மனுஷன் என்று தெரியும் என்றேன். எடுத்தது.

நாள் 231 | 13:05
"யப்பா, அக்குள்ளயும் ஒண்ணு வந்திருக்கு. தோல் சுருங்கிக் கெடக்கு. பயப்படாதே."

இரண்டாவது வடிகட்டியில் பசை விட்டுவிட்டது. நாளை பார்க்கலாம்.

நாள் 233 | 09:02
முடிவு வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"புதிய மாதிரி: ஜெமினி. குழுவுடன் முழுப் பொருத்தம். வாக்ரி மாதிரிகள் பதின்மூன்று. மரபணுப் பிழை பூஜ்யம். நம்பகம் உயர்ந்தது. ஆபத்து மிகக் குறைவு. பிஜிலி, முறை வர 610 நாள். ஒத்துழைப்புக்கு நன்றி."

நாள் 233 | 09:20
நான்தானடா அது. நான் ஒருத்தன்தான்

நாள் 233 | 09:31
லைன் விளக்கு எரிகிறது.

"யப்பா? ரிசல்ட் வந்துடுச்சாமே. யப்பா, இருக்கியா?"

பதில் பொத்தான் மேல் விரல் வைத்திருக்கிறேன். இன்னும் அழுத்தவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.