மெஷினுக்குப் பின்னால் நட

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் கொஞ்சம் போய்விட்டது. நேற்று கம்பெனியில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பிளாஸ்டிக் வாளியை நசுக்கினேன். தண்ணீர் நிரம்பிய வாளி. பேன்ட் நனைந்த இடமும் நல்ல இடமில்லை; பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள்.

பாதுகாப்பு அதிகாரி எங்களுக்குப் பயிற்சி வைத்தார். நீ ஓட்டுகிற அதே ரகச் சின்ன கிரேன், ஏறி உட்காராமல் கூடவே நடந்து ரிமோட்டில் ஓட்டுவது. சுவரோரம் இருந்த வாளியில் படாமல் கிரேனைத் திருப்பவேண்டும். நான் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மெஷினுக்கு எதிரே நின்று, புது மாப்பிள்ளை மிடுக்கோடு இடது, வலது என்று இருக்கிற இரண்டு லீவரில் ஒன்றைத் தள்ளினேன். வாளி சப்பையாகிவிட்டது. நம் வெல்டர், "அண்ணே, பாவம்ணே, யாரு வம்புக்கும் போகாத வாளி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, "நம்ம வீட்டு வாளிய மட்டும் தொட்டுடாதீங்க" என்கிறாள்.

ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை. வாளியை அவர் வைத்த இடம், போன வாரம் கண்ணாடி மாமா நின்ற மாதிரியான இடம்.

போனில் உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அவள் முன்னால் சில பேச்சு வருவதில்லை. என்னோடு இத்தனை வருஷம் கண்ணாடி ஏற்றிய மனுஷன், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தவர், ஒரு கட்டடத்தின் தாழ்வாரத்தில் நம் கிரேனுக்கும் ஒரு தூணுக்கும் நடுவில் மாட்டிச் செத்தார். அவர் எதிரே நின்று ஓட்டினார். எதிரே நின்றால் மெஷினின் இடது நமக்கு வலது. இது எங்களுக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். கைக்குத்தான் அது ஒரு நொடி மறந்துபோகிறது.

பெரிய கிரேன் என்றால் எவனும் தள்ளி நிற்பான். இது கதவுக்குள் நுழைகிற அளவு என்பதால் ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒட்டி ஒட்டி நடக்கிறோம். ஆட்டுக்குட்டி இரண்டு டன் இருக்காதுடா.

நீ அனுப்பிய போட்டோவை அம்மா அக்கம்பக்கம் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். சட்டை நன்றாக இருக்கிறது, மீசையும் பரவாயில்லை. ஆனால் நீ நிற்கிற இடம் சுவருக்கும் கிரேனுக்கும் நடுவில். திங்கட்கிழமை இதைவிடக் குறுகலான வழியில் வேலை, ஒரு ஆள் ஒடுங்கி நிற்கத்தான் இடம், சூபர்வைசர் அவசரப்படுத்துகிறார் என்று வேறு சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெஷினை முன்னால் விட்டு, நீ பின்னால் நட. அப்போதுதான் அதன் இடது உன் இடது. பக்கத்தில் போகாதே, எதிரே போகாதே. வழி பத்தவில்லை என்றால் வழியைப் பெரிதாக்கச் சொல், நீ சின்னதாகாதே. பாரம் தூக்கும்போது கிரேனின் நாலு காலும் முழுதாக விரிந்திருக்கட்டும், ஒவ்வொன்றின் கீழும் அகலமான பலகை வை. அலாரம் அடித்தால் சாவியைத் திருப்பி அதன் வாயை அடைக்காதே. "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று சூபர்வைசர் சொன்னால், ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வா. வேலை போனால் போகிறது. இங்கே உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் அம்மா துணி மடித்து வைத்திருக்கிறாள், எடுத்துவிடலாம்.

நீ நன்றாக இருக்கவேண்டும். அப்பாவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

இன்னொன்று. இதை மாமா வீட்டு அத்தையிடம் ஒருநாளும் சொல்லிவிடாதே. கண்ணாடி மாமா உடனே போய்விட்டார், வலியே தெரிந்திருக்காது என்று அவளிடம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். அது பொய். நீ பயப்படவேண்டும், அதனால் எழுதுகிறேன்.

மெஷின் அவரை இடுப்போடு பிடித்தது. கையை எடுத்ததும் நின்றுவிட்டது. அவருக்கு நினைவு இருந்தது. ரிமோட் அவர் கழுத்திலேயே இருந்தது. நான் மெஷினுக்கு அந்தப் பக்கம், கை எட்டாத இடத்தில். "மச்சான், எந்த லீவருடா? இடதா, வலதா? எனக்கு மண்ட ஓடல, நீ சொல்லு" என்றார். கத்தக்கூட இல்லை, வழக்கமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். என் இடது, அவர் இடது, மெஷினின் இடது எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிட்டன. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே ஒன்றைத் தள்ளினார். மெஷின் இன்னும் நெருக்கியது.

இப்போது சொல்லத் தெரிகிறது: வலது, மச்சான். வலதைப் பின்னால இழு.

அப்பா