ஏழாம் அத்தியாயத்தை என் காதுபடப் படிக்க வேண்டி

அனுப்புநர்:
சு. வனமாமலை,
மாடி அறை, பள்ளிக்கூடத் தெரு,
புன்னைத்தாங்கல், ஒரகடம் அருகில்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: புன்னைத்தாங்கல் ஊர்ப்புற நூலகம் – ஞாயிறு வாசிப்பு வட்டம் – ஒரு நூலின் ஏழாம் அத்தியாயம் எனக்குத் தெரியாமல் படித்து முடிக்கப்பட்டது – அதை நான் கேட்கும்படி மீண்டும் படிக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் என் அக்காள் உலகம்மாளுடன் வாடகைக்குக் குடியிருக்கிறேன். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்குச் சென்ற ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் தண்டுவடம் சிதைந்து, கழுத்துக்குக் கீழே எனக்கு அசைவும் உணர்வும் கிடையாது. அதுபற்றி இம்மனுவில் புகார் ஏதுமில்லை. அதற்கு வேறு அலுவலகங்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் எழுதியாயிற்று.

2. அக்காள் ஷிப்டுக்குப் போகுமுன் போனை என் முகத்துக்கு நேரே கம்பியில் மாட்டிவிட்டுப் போவாள். நான் பேசினால் அது எழுதும். இம்மனுவும் அப்படி எழுதியதே. பிழை இருந்தால் பொறுப்பு போனையே சாரும். மத்தியானம் வீட்டுக்கார அம்மாள் பாஞ்சாலி கஞ்சி ஊட்ட வரும்வரை அறையில் மனிதக் குரல் கிடையாது. கண்டெய்னர் லாரிகள் போகும் சத்தத்தை வைத்து, இது ஏற்றிய வண்டி, இது காலி வண்டி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

3. தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள மேற்படி நூலகத்தில், நூலகர் திருமதி சசிரேகா அவர்கள் ஞாயிறுதோறும் வாசிப்பு வட்டம் நடத்துகிறார். வருபவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பிள்ளைகள். நான் போக முடியாது என்பதால், எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு, அதில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து ஒரு போனை வைப்பார்கள். அதன் வழியே நான் கேட்பேன், பேசுவேன். வந்தவர்கள் அந்த நாற்காலிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள் என்று கேள்வி. அந்த மரியாதைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

4. தற்போது படிக்கப்படுவது, என்னைப் போலவே கழுத்துக்குக் கீழ் அசைவற்றுப்போன ஒரு பள்ளி ஆசிரியை எழுதிய வாழ்க்கைக் கதை. முதல் கூட்டத்தில் பொருளடக்கத்தைப் படித்தபோதே எனக்கு உடம்பு இருப்பதுபோல இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில், மூக்கில் உட்கார்ந்த ஈயுடன் அந்த அம்மாள் ஒரு முழு மத்தியானம் பேசிக்கொண்டிருந்த இடம் வருகிறது. அங்கே எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். காலி நாற்காலியிலிருந்து சிரிப்பு வந்ததில் எல்லோரும் நடுங்கிவிட்டார்களாம். எனக்கு அந்த ஈயைத் தெரியும் ஐயா. விபத்துக்குப் பிறகு, நான் சொல்லாமலே என்னைத் தெரிந்த முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

5. இந்த வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி லைனில் ஷிப்ட் மாறும்போது வேலையை ஒப்படைப்பதுபோல, படித்து முடித்தவர் அடுத்தவரிடம் "இதுவரைக்கும் ஓடியிருக்கு, இங்கேருந்து எடு" என்று உரக்கச் சொல்லித்தான் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு எனக்கு அழைப்பே வரவில்லை. கேட்டதற்கு, படப்பைக்காரப் பையன் லோகேஷ், "டவரே இல்லண்ணே அன்னிக்கு" என்றான். அடுத்த ஞாயிறு தங்கமாரி என்ற பெண்ணிடம் புத்தகம் கைமாறியபோது, பழக்கதோஷத்தில், "ஏழு முழுசா ஓடியிருக்கு, எட்டுலேருந்து எடு" என்று அவனே சொல்லிவிட்டான். தங்கமாரி அவசரமாக எட்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கு முன் நான் கேட்ட கடைசி அத்தியாயம் ஆறு.

6. ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு ‘போதும் என்று தோன்றிய மாதங்கள்’. அதை எனக்குத் தெரியாமல், என் நாற்காலியை எடுத்துவிட்டுப் படித்திருக்கிறார்கள். விசாரித்ததில், அவ்வாறு செய்யும்படி அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டவள் என் அக்காள்தான் என்று தெரிந்தது. லோகேஷிடம் கேட்டேன். "அத்த கேட்டுகினு இன்னா பண்ணப்போற, வுடுண்ணே" என்று அழுகிற குரலில் சொன்னான். அக்காளிடம் கேட்டேன். "அது ஒனக்கு வேண்டாம்லே" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். நூலகர் அவர்களோ, வீட்டார் சம்மதமில்லாமல் தன்னால் இயலாது என்றார். புத்தகத்தை வாங்கி நானே படிக்கலாம் என்றால், பக்கத்தைப் புரட்ட ஒரு கை வேண்டும். எனக்கு வாய்த்த கைகள் எல்லாம் அந்தப் பக்கத்தைப் புரட்ட மறுக்கின்றன.

7. இவர்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாசத்தோடு எப்படி மல்லுக்கு நிற்பது? அன்று முதல் அவர்கள் என்னிடம் பேசும் குரலே மாறிவிட்டது. நான் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்து வைக்கிறார்கள். சாப்பிட்டீர்களா என்று ஆளுக்கொரு தடவை கேட்கிறார்கள். லோகேஷ் முன்பெல்லாம் என்னோடு கிரிக்கெட்டுக்காகக் கத்துவான். இப்போது நான் சொல்வதே சரி என்கிறான். ஆளில்லாத அறையில் தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது ஐயா. அத்தனை பேர் நடுவில் தனியாக இருப்பது பழகவில்லை.

8. அவர்கள் பயப்படுவது எதற்கென்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் எனக்கும் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்த நினைப்பு எனக்கு எப்போதோ வந்தது. வந்தபோது அக்காள் ஷிப்டில் இருந்தாள். பாஞ்சாலியம்மாள் கஞ்சியோடு வந்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பசியில்லை போலும் என்று போய்விட்டார்கள். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது தங்களிடம்தான் சொல்கிறேன், முகம் தெரியாதவர் என்பதால். புத்தகம் எழுதிய அம்மாளுக்கும் அதுவே வந்திருக்கிறது. ஆனால் அவர் எட்டாம் அத்தியாயத்தில் காலையில் காபி கேட்கிறார், சூடு போதவில்லை என்று மகளைத் திட்டுகிறார். ஏழிலிருந்து எட்டுக்கு அவர் எப்படி வந்தார் என்பது எனக்குத் தெரிய வேண்டும். அந்த வட்டத்தில் மற்ற எல்லோருக்கும் அது தெரியும். தேவைப்படுகிற ஒருவனுக்கு மட்டும்தான் தெரியாது.

9. ஆகவே, வரும் ஞாயிறுகளில் ஒன்றில் என் நாற்காலியைப் போட்டு, ஏழாம் அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் படிக்கும்படி நூலகருக்குத் தாங்கள் ஆணையிட வேண்டும். அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அவரைப் போல ஞாயிற்றுக்கிழமை நூலகத்தைத் திறந்து வைக்க வேறு யார் இருக்கிறார்கள்? தங்கமாரி படித்தால் நல்லது, அவளுக்குக் குரல் தெளிவு. நடுவில் அவளுக்கு அழுகை வந்தால் அழுது முடிக்கட்டும். நான் காத்திருப்பேன். போனை மட்டும் யாரும் அணைக்கக் கூடாது.

தங்கள் ஆணை ஒன்றையே எதிர்பார்த்துக் கிடக்கும்,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
சு. வனமாமலை

இடம்: புன்னைத்தாங்கல்
நாள்: 16.09.2025

ரேகை வைக்க விரலைப் பிடித்தவர்:
இந்த மனுவை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அங்கேயே நின்று படித்தேன். எட்டாவது பத்தியில் உள்ளது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் சொல்லித்தான் மறைத்தார்கள். படிக்கச் சொல்லுங்கள் ஐயா. அன்றைக்கு நான் லீவு போட்டு இவன் பக்கத்தில் இருப்பேன்.
சு. உலகம்மாள், அக்காள்.