கிராணி சட்டையின் வெள்ளை

புந்தோங், ஈப்போ
10.3.1985

பட வேலை பார்க்கும் தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு,

அன்றைக்கு ரப்பர்க் காட்டில் இருந்தவர்கள்: நான் ராக்காயி, என் மகள் முத்தம்மா, பால் வாளியோடு மாயாண்டி, கங்காணி அப்பாவு, பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி சதாசிவம். படக்காரர்களில் கேமராக்காரர் ஒருவர், சேலை கட்டிவிட வந்த ஓர் அம்மாள். 1959, சித்திரை மாதம், புதன்கிழமை. வேறு யாராவது நானும் இருந்தேன் என்று எழுதினால் நம்பாதீர்கள்.

பேப்பரில் வந்த உங்கள் அறிவிப்பை என் மகன் ராஜு வாசித்துக் காட்டினான். பழைய கலர் படத்தை வீடியோ கேசட்டாகப் போடுகிறீர்களாம். பிரதி சிவந்து போய்விட்டதாம். பத்து காஜா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எடுத்த காட்சியின் நிறம் தெரிந்தவர்கள் எழுதலாமாம். நான் மூன்றாம் வகுப்புதான். ஆனால் கண்ணால் பார்த்ததை மறந்தவள் இல்லை.

மரத்தடியில் நடந்து போகும் பெண் என் முத்தம்மா. அப்போது பதினேழு வயது. கட்டியிருந்த சேலை நீலம். படக்காரம்மாள் தன் பெட்டியிலிருந்து எடுத்தது. சாயங்காலமே திரும்ப வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார்கள். அதே நாள் கங்காணி பெண்டாட்டி வீரம்மாவின் பச்சைச் சேலை கொடியிலிருந்து காணாமல் போனது. மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிடும் நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்: "எஞ் சேலையக் கட்டிக்கிட்டுல்ல படத்துக்கு நின்னா! திருட்டுச் சிறுக்கி லா இவ!"

படம் தோட்டத்துக்கு வந்தபோது கறுப்பு வெள்ளைப் பிரதியாகத்தான் வந்தது. அதில் என்னத்தைக் காட்டுவது? முத்தம்மா அதற்கு முன்பே தைப்பிங்கில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே கலியாணம், அங்கேயே பிள்ளைகள். இருபத்தாறு வருஷம், ஒரு தரம்கூட என் வாசலை மிதிக்கவில்லை. பேரப் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. மூத்தவனுக்கு இப்போது மீசை இருக்கும்.

நீலத்தை நீலமாகப் போட்டு ஒரு கேசட் அவளுக்கு அனுப்புங்கள். விலாசம் பின்பக்கம். பார்த்தால் வருவாள்.

இப்படிக்கு,
ராக்காயி


கோலாலம்பூர்
2.4.1985

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். வந்த ஒன்பது கடிதங்களில் உங்களுடையதில்தான் கிழமை வரைக்கும் இருந்தது. உங்கள் தோட்டத்துக்கு வேனில் வந்து திரை கட்டிப் படம் காட்டிய ஆம்புரோஸ் என் அப்பாதான்.

சிவந்த பிரதியில் பச்சையும் நீலமும் செத்துக் கிடக்கின்றன. வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அது வெள்ளையாகும் வரை திருத்துவோம். மற்றவை தம் நிறத்துக்குத் தாமாக வரும். இந்தக் காட்சியில் நான் பிடித்தது கிராணியின் சட்டையை.

மன்னியுங்கள் பாட்டி. சேலை பச்சையாகத்தான் வருகிறது. நெடுநாள் மனதில் வைத்திருந்தால் நிறமும் மாறிவிடும், அது உங்கள் குற்றமில்லை. மாதிரி கேசட் இத்துடன். முத்தம்மா அக்காவுக்கு அனுப்பவில்லை.

தங்கள் அன்புள்ள,
ஸ்டானிஸ்லாஸ்


புந்தோங்
19.4.1985

தம்பிக்கு,

கிழவிக்கு மறதி என்பதை எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள்! உங்கள் அப்பாவும் அப்படித்தான், ரீல் அறுந்தால் மழை மேல் பழி போடுவார்.

கேசட்டைப் பார்த்தேன். ராஜு டிவிப் பொத்தானில் கை வைத்து, "நீலமாக்கித் தரவாம்மா?" என்றான். "கைய எடுடா! பொய் நீலம் எனக்கு எதுக்கு?" என்று ஏசினேன். பதினேழு தரம் திருப்பிப் போடச் சொன்னேன். பதினெட்டாவது தரம் மகளை விட்டுவிட்டு மாயாண்டியின் வாளியைப் பார்த்தேன். ரப்பர்ப் பால் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருக்கிறது! அப்போதுதான் கோப்பையிலிருந்து ஊற்றிய பால், தம்பி. அது எப்படி மஞ்சளாகும்?

கிராணி சட்டையைத் துவைத்தது யார் தெரியுமா? நான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல். அலசி முடித்து நீலம் போட்டால் கிராணி பெண்டாட்டி பக்கத்தில் நின்று, "இன்னொரு முக்கு முக்கு ராக்காயி, தொர சட்டையே தோக்கணும்!" என்பாள். வெயிலில் பார்த்தால் வெள்ளை. பக்கத்தில் நின்றால் நீலம் ஏறிக் கிடக்கும். அதைப் போய் சுத்த வெள்ளையாக்க நீங்கள் நீலத்தை உறிஞ்சினால், என் மகள் சேலையில் உள்ளதும் சேர்ந்துதானே போகும்?

பாலைப் பிடியுங்கள்.

ராக்காயி


கோலாலம்பூர்
24.6.1985

அன்புள்ள பாட்டிக்கு,

பாலைப் பிடித்தேன். சேலை நீலம். சித்திரைத் தளிர் கூட மரத்தில் தெரிகிறது. கிராணி சட்டையில் நீங்கள் போட்ட நீலமும் தெரிகிறது. எங்கள் வேலைக்கூடத்தில் எல்லோரும் உங்களைக் கும்பிட்டோம். உங்கள் நினைவு தப்பு என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

கேசட்டைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. வீடியோ டெக்கையும் தூக்கிக்கொண்டு நானே தைப்பிங் போனேன். நல்ல மழை. அக்கா நின்றுகொண்டே பார்த்தார். நடந்ததை மறைத்தால் உங்களுக்கு நான் செய்யும் இரண்டாவது தப்பாகும். அவர் சொன்னது இது:

"கலர் எனக்கு எப்பவும் தெரியும் தம்பி. எங்கம்மாவுக்கும் அன்னிக்கே தெரியும். அந்தச் சேலைக்கு மடிப்புப் பிடிச்சது யாரு? பெரட்டுல, 'நீயாவது சொல்லும்மா'ன்னு கேட்டேன். குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. இப்ப மெஷின் சொல்லி என்ன ஆவப் போவுது?"

தேநீர் கொடுத்தார். கேசட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என்ன செய்வதென்று எழுதுங்கள்.

தங்கள்,
ஸ்டானிஸ்லாஸ்


புந்தோங்
14.7.1985

தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

அவள் சொன்னது சரி. மடிப்புப் பிடித்தது இந்தக் கைதான். பெரட்டில் கங்காணி அப்பாவு என்னைப் பார்த்தார். அவர் பெண்டாட்டியைப் பொய்க்காரி என்று சொன்னால் நாளைக்கு என் பேர் கூப்பிடப்படாது. புருஷன் செத்து ஏழு மாதம், ராஜுவுக்கு ஆறு வயது, குடியிருந்தது தோட்டத்து லயத்து வீடு. வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். முத்தம்மா என் கையை விட்டுவிட்டுத் தனியாக நின்றாள்.

வீரம்மா செத்துப் பதினோரு வருஷம். சாவுக்குக்கூட நான் போகவில்லை. அவளுக்குச் சேலை தொலைந்தது நிஜம், தெரியாமல் கத்தினாள். எனக்குத் தெரியும்.

கேசட்டை எனக்கு அனுப்புங்கள். முத்தம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நாலு அடி நடந்து அவள் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறாள் அல்லவா? படக்காரர் பார்க்காதே என்று சொல்லியும் பார்த்தாள். கேமராவை இல்லை. பக்கத்து மரத்துக்குப் பின்னால் நான் நின்றேன், சேலை சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறாள். இருக்கிறது என்று தலையாட்டினேன். நான் அவளுக்குச் சொன்ன கடைசி நிஜம் அதுதான்.

யார் யாரை மன்னிக்க மாட்டேன் என்று மனதில் நீளமாக ஒரு வரிசை வைத்திருந்தேன். அதில் எல்லோர் பேரையும் அடித்துவிட்டேன். ஒருத்தி மட்டும் இருக்கிறாள். அவள் பேர்,

ராக்காயி