ஊர்ப் பெயரில் போட்ட பூட்டு

இன்று காலை அலுவலகக் கணினியைத் திறந்ததும், கடவுச்சொல்லை மாற்றச் சொல்லித் திரை கேட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் கேட்க வைத்தவள் நீ. நீ போய் இரண்டு வருடமாகிறது. உன் நச்சரிப்பு மட்டும் இன்னும் ஓயவில்லை. முதலில் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். குடிக்காமல் வைத்த பிளேன்டி ஆறிவிட்டது.

நீ எங்கள் சங்கத்துக்குக் கணினிகளைப் பார்க்கும் வேலைக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் தங்கிவிட்ட எங்கள் சனங்கள், யுத்தம் முடிந்ததும் ஊர்க் காணிகளைக் கேட்டு அலையத் தொடங்கியிருந்த காலம். யாருக்கு எந்தக் காணி, யாரிடம் உறுதிப் பத்திரம் இருக்கிறது, அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், எல்லாம் எங்கள் ஆறு கணினிகளில்தான் இருந்தன. கற்பிட்டி பஸ்ஸில் வந்து இறங்கிய நீ, என் வயதுக்காரி, கருவாட்டு வியாபாரியின் மகள், ஒருவரிடமும் கடவுச்சொல் கேட்காமல் ஆறையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாய்.

"எல்லாரும் சொந்த ஊர்ப் பேரப் போட்டு, பின்னால தொண்ணூறு எண்டு போட்டிருக்கிறீங்க. ஊர விட்டு வந்த வருசம். இதக் கண்டுபிடிக்க என்ன படிப்பு வேணும்? பஸ்ஸில பக்கத்துல இருக்கிற ஆளே சொல்லுவார்."

மற்றவர்கள் அசடு வழிந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது வயதில் விட்டுவந்த ஊர். ஒவ்வொரு நாளும் அதன் பெயரைத் தட்டித்தான் வேலையைத் தொடங்குவேன். அதையும் எடுக்கச் சொல்ல நீ யார் என்றிருந்தது. "உனக்கென்ன, பின்னேரம் பஸ் ஏறினா உன்ட ஊர் வந்திரும். எனக்கு இது ஒண்டுதான் மிச்சம்" என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். மற்ற ஐவரும் மாற்றினார்கள். நான் மாற்றிவிட்டதாகச் சொன்னேன், மாற்றவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள் காலையில், உப்பளத்தில் வேலை செய்யும், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒருவர் கையில் போனோடு வந்தார். "தங்கச்சி, நீங்க கேட்டீங்கண்டு உறுதிய போட்டோ எடுத்து அனுப்பினேன். கிடைச்சிச்சா?"

நான் கேட்கவே இல்லை. காணி விசயம் சரிவரப் போகிறது, உறுதியையும் அடையாள அட்டையையும் படமெடுத்து அனுப்புங்கள் என்று என் பெயரில் அவருக்குச் செய்தி வந்திருந்தது. வந்த இலக்கம் எங்களுடையது அல்ல. நீ என் கணக்குக்குள் போய்ப் பார்த்தாய். முந்தைய நாள் வெளியிலிருந்து யாரோ நுழைந்து, பட்டியல் முழுவதையும் எடுத்திருந்தார்கள். முதல் தடவை தட்டியபோதே திறந்திருந்தது. கள்ள உறுதி முடித்துக் காணி விற்கிறவர்கள் இருந்த நாட்கள் அவை. அந்த மனிதருக்கோ அந்தக் காணியை விட்டால் வேறெதுவும் இல்லை.

"இத வெளியில கதைக்க வேணாம். சங்கத்துல நம்பிக்கை போயிரும்" என்றார் தலைவர்.

"கதைக்காட்டித்தான் நம்பிக்கை போகும், சேர். இப்பவே எல்லாருக்கும் கோல் எடுப்பம்" என்றாய். என் பக்கம் திரும்பி, "நீ பேசு. உன்ட பேருலதான் பொய் போயிருக்கு. உன்ட குரல அவங்களுக்குத் தெரியும்."

இரண்டு நாள், தொண்டை கட்டும்வரை பேசினேன். பிழை என்னுடையது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னேன். நீ பக்கத்துக் கதிரையில் இருந்து, பேசி முடித்த பெயர்களுக்கு நேரே கோடு போட்டாய். சிலர் ஏசினார்கள், பலர் எங்களுக்காக இறைவனிடம் துஆ கேட்டார்கள். மூன்று பேர் ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்கும் காணிப் பதிவகத்துக்கும் அலைந்தோம். ஒருவருடைய காணியும் கைமாறவில்லை. அந்த உப்பள நானா இப்போது ஊரில் வீடு கட்டிவிட்டார், தெரியுமா? கூரை போட்ட அன்று எனக்குப் படம் அனுப்பினார். அதைத் திறக்கும் முன் அவருக்குக் கோல் எடுத்து, நீங்கள்தானா அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேனே" என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த இரண்டாம் நாள் பின்னேரம் இதைத்தான் சொன்னாய்: "ஊர விடச் சொல்லேல்லடி. ஊர்ப் பேரு எல்லாருக்கும் தெரியும். அங்க உனக்கு மட்டும் தெரிஞ்சது ஏதும் இருக்குமே, அதப் போடு."

கண்ணை மூடி யோசித்தேன். கிணற்றடியில் வாப்பா சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. உனக்குச் சொல்ல வாய் திறந்தேன். நீ காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லாத. எனக்கும் சொல்லாத" என்றாய்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனதால் ஊருக்குப் போய் வருகிறேன். ஒரு தடவை உம்மா என்னை எழுப்பும் விதம் கிடைத்தது, இன்னொரு தடவை ஒரு மழை. மறந்தே போயிருந்தவை. அதுவரை எனக்கு ஊரின் பெயர்தான் இருந்தது. மற்றதையெல்லாம் நீதான் தேடி எடுக்க வைத்தாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலைமுடியெல்லாம் கொட்டிய பிறகும், "வெள்ளிக்கிழம பட்டியலுக்குப் பிரதி எடுத்தியாடி?" என்று கேட்டாய். ஓம், எடுத்தேன். இப்போதும் எடுக்கிறேன். புதிதாய் வந்த பிள்ளைகள் என் நச்சரிப்புப் பற்றி முதுகுக்குப் பின்னால் கதைக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை.

இன்று கண்ணை மூடியபோது ஊர் வரவில்லை. நீ வந்தாய். நாம் இருவர் மட்டுமே இருந்த ஒரு பின்னேரம் வந்தது. அதைத் தட்டினேன், கணினி ஏற்றுக்கொண்டது. இதற்கு மேல் எழுதினால் நீ ஏசுவாய். எந்தப் பின்னேரம் என்று கேட்காதே, உனக்கும் சொல்லமாட்டேன்.