கெசையா கேட்ட கேள்வி

அன்பு மகள் மார்லாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எங்களுக்கு எப்போதும் நினைப்பு. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு தவறாமல் நடக்கிறது, போய்வந்த அன்று படுத்தே கிடப்பாள், மறுநாள் எழுந்து சோளக் கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டுவாள். டாக்டர் சொன்னதுதானே என்றால், டாக்டரா வந்து இதைத் தின்னப்போறாரு, என்கிறாள். திட்டுகிற வரைக்கும் பயமில்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் பனியில் பீச் மரத்துப் பூவெல்லாம் கருகிவிட்டது, இந்த வருடம் பழம் இல்லை.

போன ஞாயிறு போனில் ஏன் அப்பா குரல் ஒருமாதிரி இருக்கு என்று கேட்டாய், தொண்டைக்கட்டு என்றேன். பொய் சொன்னேன். பக்கத்தில் அம்மா இருந்தாள், அதனால் இப்போது எழுதுகிறேன், படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள். எட்டாம் வகுப்புக்கு நான் வருடாவருடம் வைக்கும் அந்தப் பாடம் உனக்கு நினைவிருக்கும். நம் அமெரிக்க விடுதலைப் போரில் இங்கிலாந்து ராஜா ஜெயித்திருந்தால் இந்தத் தென் கரோலைனா எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து இரண்டு பக்கம் எழுதச் சொல்வேன். ராஜாவின் பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருப்பார்கள் என்று நீ எழுதினாய். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், சிரிப்போம், பிறகு நிஜத்தில் என்ன நடந்தது என்று படிப்போம். இருபத்தாறு வருடம் இதில் ஒரு குறையும் வந்ததில்லை.

இந்த வருடம் கெசையா மோப்லி என்று ஒரு பெண். கறுப்பினப் பிள்ளை, அப்பா டயர் ஆலையில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசமாட்டாள். அவள் தன் அத்தையோடு மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்திருக்கிறாள். அங்கே அந்தப் போர்க் காலத்துப் பத்திரிகை விளம்பரம் ஒன்று, டைனா என்ற அடிமைப் பெண், வயது இருபது, கர்ப்பிணி, ஓடிப்போய்விட்டாள், ஆங்கிலேயர் முகாமுக்குப் போயிருக்கலாம், பிடித்துத் தருபவருக்குச் சன்மானம் என்று. கெசையா வீட்டார் தங்கள் பாட்டி என்று வழிவழியாகச் சொல்லிவந்த பெயர் அது. ராஜாவின் படை தன்னிடம் ஓடிவந்த அடிமைகளுக்கு விடுதலை என்று சொல்லியிருந்தது, உனக்குத் தெரியும். படை தோற்றுக் கப்பலேறியபோது டைனாவுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. எட்டு வருடம் கழித்து ஒரு சொத்துப் பட்டியலில், குதிரைகளுக்கும் செப்பு அண்டாவுக்கும் நடுவில், அவள் பெயரும் அவள் பிள்ளை பெயரும் இருக்கின்றன. சொத்துக்காரர் பெயர் டீக். கெசையா இதையெல்லாம் கட்டுரையாக எழுதி வகுப்பில் எழுந்து நின்று படித்தாள். கடைசி வரி இது, நம்ம பக்கம் ஜெயிச்சதுனாலதான் எங்க டைனா திரும்பவும் அடிமையாப் போனா, அப்போ நான் அங்க இருந்திருந்தா எந்தப் பக்கம் ஜெயிக்கணும்னு வேண்டியிருக்கணும், நீங்க சொல்லுங்க சார். என் ஆசிரியர் வாழ்க்கையில் அப்படியொரு கேள்வி வந்ததில்லை, நாளைக்குப் பேசலாம் என்று சொல்லி உட்காரச் சொன்னேன்.

அந்த நாளை வரவே இல்லை. அந்த டீக் வம்சத்துப் பேரனும் அதே வகுப்பு. பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர் அவன் தாத்தாதான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் அவரே உட்கார்ந்திருந்தார். ஓடெல், நாம ஒரே சர்ச்சுல உக்கார்றவங்க, புள்ளைங்களுக்கு நாட்டு மேல வெறுப்பு வர்ற மாதிரி பாடம் எடுக்கணுமா, கூட்டத்துல ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க, முடிஞ்சுபோச்சு, என்றார். சத்தம் போடவில்லை, என் தோளில் கைகூட வைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் ஊரார் முன்னால் குழுவின் கூட்டம். அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் படித்தேன். பாடம் தவறு, இனி நடத்தமாட்டேன், அந்த மாணவி கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, கட்டுரை மதிப்பெண்ணில் சேராது. மூன்றாவது வரிசையில் அவள் தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மோப்லி வேலை உடுப்போடு வந்திருந்தார், எழுந்து, சார், என் பொண்ணு எதைப் புரிஞ்சுக்கலைன்னு மட்டும் சொல்லிடுங்க, நாங்க போயிடுறோம், என்றார். நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் சொன்னார். நான் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன்.

சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது, மார்லா. ஆங்கிலேயர்களும் உத்தமர்கள் இல்லை, நம்பி வந்தவர்களில் பலரைக் கரும்புத் தோட்டத் தீவுகளுக்கு அடிமைகளாகவே விற்றார்கள், ஆனால் கெசையா கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு இந்த ஊரில் யாரிடமும் சுலபமான பதில் இல்லை, இவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கெசையாதான் கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. மன்னிச்சிடும்மா என்றேன். பரவால்ல சார், இனிமே புக்குல இருக்கறதையே எழுதிடுறேன், என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், ஒரு பெரியவருக்குச் சமாதானம் சொல்வதுபோலச் சொன்னாள். சொன்னபடியே செய்தாள். போன வாரப் பரீட்சையில் புத்தகத்தில் இருந்தது அப்படியே, காற்புள்ளி மாறாமல். நூற்றுக்கு நூறு போட்டேன். இப்போது வகுப்பில் யாருக்காவது சந்தேகமா என்று கேட்டால் ஒரு கைகூட உயர்வதில்லை, எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள்.

நம் வீட்டு நிலைமை தெரிந்தவர்கள், பாவம், பொண்டாட்டி வைத்தியத்துக்காகத்தான் தலை குனிஞ்சாரு, வேலை போனா இன்சூரன்ஸும் போயிடுமே, என்று பேசுகிறார்கள். உன் காதுக்கும் அப்படித்தான் வரும். நானும் சில நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் உன் அம்மாவின் சுத்திகரிப்புக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறது, இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதே நான்தான். வேலை போனாலும் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்குக் கூட்டத்தன்றும் தெரியும். சர்ச்சில் பக்கத்தில் உட்காருபவர் நகர்ந்து உட்காருவார், கடையில் நாலு பேர் முகம் திருப்புவார்கள், அந்தப் பயம்தான், வேறொன்றும் இல்லை. படுக்கையில் கிடப்பவளை என் வெட்கத்துக்குப் போர்வையாக்கிவிட்டேன், அவளுக்கு அது தெரியாது. உன்னிடம் ஆறுதல் கேட்டு இதை எழுதவில்லை, நீ சொன்னாலும் எனக்குள் இறங்காது.

மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். இருவரும் மனசு நோகாமல், ஒருவருக்கொருவர் துணையாய், நீண்ட நாள் வாழ வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவிடம் பேசும்போது இதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். யாராவது உன்னிடம், உங்க அப்பா உங்க அம்மாவுக்காகத்தான் அப்படிப் பண்ணாரு என்று சொன்னால், ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஓடெல் புரூயிட்