சக்கர நாற்காலிக் கட்டமும் நிறுத்தப்பட்ட சோதனைப் பிரதிகளும்

அனுப்புநர்:
ரத்தச் சுத்திகரிப்புக்கு அரசு வண்டியில் சென்றுவரும் நோயாளியின் மருமகள்,
தரைத்தளம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நோயாளர் வண்டிச் சேவை அலுவலகம்.

பொருள்: பதிவு மென்பொருளின் சோதனைப் பிரதிகளை நிறுத்திய உத்தரவைத் திரும்பப் பெறவும், சக்கர நாற்காலிக் கட்டத்தை நடைமுறைத் தளத்தில் சேர்க்கவும், பதிவு எழுத்தரை அவருடைய இருக்கைக்கே அனுப்பவும் வேண்டி.

மதிப்பிற்குரிய அம்மா,

1. வண்டிப் பதிவு மென்பொருளின் சோதனைப் பிரதிகள் அனைத்தும் நேற்று, திங்கட்கிழமை, நிறுத்தப்பட்டன. தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் துணை இயக்குநரின் கையொப்பத்துடன் ஒட்டப்பட்டுள்ள உத்தரவை நானே நின்று படித்தேன். பதிவு எழுத்தர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், விசாரணை முடியும் வரை கோப்பு அறையில் பணியாற்ற வேண்டும் என்றும் அதில் உள்ளது. இவற்றுக்குக் காரணமான புகாரைக் கொடுத்தவள் நான். நான் கேட்டது இது அல்ல என்பதைத் தெரிவிக்கவே இம்மனு.

2. என் மாமனார் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன; வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் தங்கள் வண்டிதான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறது. நாற்காலியோடு ஏற்றும் தூக்கி எல்லா வண்டிகளிலும் இல்லை. தூக்கி உள்ள வண்டியே எங்களுக்கு வேண்டும்.

3. இதைக் குறிக்க, அன்றாடப் பதிவுகள் நடக்கும் நடைமுறைத் தளத்தில் இடம் கிடையாது. பெயர், முகவரி, நேரம் மூன்றையும் கேட்கும் அந்தத் திரை, நோயாளி எப்படி ஏறுவார் என்று கேட்பதில்லை. ஆகவே எழுத்தர் ஒவ்வொரு பதிவையும் போட்டபின் வண்டிக் கொட்டகைக்குத் தொலைபேசியில் சொல்லிவந்தார். அது அவர் வேலைப் பட்டியலில் இல்லை. "அக்கா, நான் லீவு போட்டா மட்டும் நீங்களே ஒரு போன் அடிச்சிருங்க" என்று தம் விடுப்பு நாட்களையும் எனக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பார்.

4. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தங்கள் அலுவலகம் ஒரு மென்பொருள் குழுவை அமர்த்தியது. அவர்கள் பின்பற்றுவது அஜைல் முறை என்றார்கள். மொத்த வேலையையும் முடித்துவிட்டுக் காட்டாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறு மாற்றம் ஒன்றைச் செய்து, பயன்படுத்துகிறவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு அடுத்ததைச் செய்வது அதன் வழி. அதற்கு ஒவ்வொரு முறையும் நடைமுறைத் தளத்தைப் போன்ற ஒரு பிரதி வேண்டும். அலுவலகத்தில் அதற்கெனக் கணினி வாங்கி வைப்பதில்லை. கிளவுட் (மேகக் கணினி) நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளில் தேவையானபோது இடம் எடுத்து, வேலை முடிந்த வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்புகிறார்கள்.

5. நோயாளிகள் தரப்பில் மாமனாரையும் என்னையும் அந்தக் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். முதல் கூட்டத்திலேயே, நோயாளி நாற்காலியோடு ஏறுவார் என்று குறியிடும் சக்கர நாற்காலிக் கட்டம் திரையில் வந்துவிட்டது. மாமனார் பார்த்துவிட்டு, "கட்டம் கடுகு மாதிரி இருக்கே. கண்ணாடி போட்டவன் என்ன பண்ணுவான், கழட்டிட்டுத் தேடுவானா?" என்றார். குழுவின் தலைவி (கரும்பலகையை விடாமல் பயன்படுத்துவதால் குழுவினர் அவரை டீச்சர் என்பார்கள்) சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் கட்டம் பெரிதாகி இருந்தது. "சர்வீஸ் முழுக்க ஒரு சீட்டை மாத்திக் குடுங்கன்னு கேட்டேன், கடைசி வரைக்கும் நடக்கல. இதுங்க பாரு" என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

6. ஆனால் சோதனையில் சரியான மாற்றம் நடைமுறைத் தளத்துக்குப் போக ஒப்புதல் குழு கூட வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. சென்ற கூட்டத்தில் நேரம் போதவில்லை என்று கட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இதைத் துணை இயக்குநரே என்னிடம் உறுதிப்படுத்தினார்.

7. இதற்கிடையே இன்னொரு மாற்றம் மிக விரைவாக நடந்தது. சோதனைப் பிரதியின் உச்சியில் 'இது சோதனை' என்று ஒரு மஞ்சள் பட்டை இருந்தது. பதிவு அறையின் கணினித் திரை சிறியது. பட்டை நேரம் காட்டும் இடத்தை மறைத்தது. எழுத்தர் கூட்டத்தில் சொன்னார், மறுநாளே பட்டையைத் திரையின் அடிப்பகுதிக்கு மாற்றினார்கள். குழுவின் கணினிகளில் அது நன்றாகத் தெரிந்தது. எழுத்தரின் சிறிய திரையில் கீழே தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டையும் அருகருகே டீச்சர் எனக்குப் பின்னர்தான் காட்டினார். கூட்டத்தில் கேட்டவருக்கும், செய்தவர்களுக்கும், அங்கே உட்கார்ந்திருந்த எனக்கும் இது தோன்றவில்லை.

8. சென்ற வியாழக்கிழமை எழுத்தர் இரு தளங்களையும் திறந்து வைத்திருந்தார். சனிக்கிழமைக்கான எங்கள் பதிவைச் சோதனைப் பிரதியில் போட்டுவிட்டார். பெரிய கட்டத்தைப் பார்த்ததும், ஒருவழியாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நினைத்ததாகச் சொல்கிறார். குறி போட்டாயிற்று என்பதால் கொட்டகைக்கும் பேசவில்லை. வெள்ளி மாலை வழக்கம்போல் பிரதி அழிக்கப்பட்டது. பதிவும் அதோடு போயிற்று. சனிக்கிழமை நாங்கள் வாசலில் காத்திருந்தோம், வண்டி வரவில்லை. தொலைபேசியில் அவர், "நான் போட்டேனே அக்கா, டிக் கூடப் பண்ணேனே" என்றார்.

9. ஞாயிறு விடியற்காலையில் மாமனாருக்கு மூச்சு வாங்கியது. அவசரப் பிரிவில் சேர்த்துச் சுத்திகரிப்பு செய்தார்கள். உடம்பில் நீர் கோத்திருக்கிறது, இன்னொரு முறை தவறினால் நிலைமை கைமீறலாம் என்று மருத்துவர் கூறினார். திங்கள் காலை, இது எப்படி நடந்தது என்று விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். துணை இயக்குநர், "மேகத்துல கொண்டுபோய் வச்சா காத்தடிச்சாக் கலையத்தானே செய்யும்?" என்றார். உடனிருந்த டீச்சர், "கலையல சார். நாங்கதான் அழிச்சோம். அழிக்கிறதுக்குன்னே வச்ச பிரதி அது. உண்மையான பதிவு அதுக்குள்ள போக விட்டதுதான் எங்க தப்பு" என்றார். மாலையில் உத்தரவு ஒட்டப்பட்டுவிட்டது.

10. இன்று காலை பதிவு நடைமுறைத் தளத்தில்தான் இருந்தது, வண்டியும் வந்தது. ஆனால் தூக்கி இல்லாத வண்டி. கொட்டகைக்குப் பேசும் எழுத்தர் கோப்பு அறையில் இருக்கிறார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு அந்த வழக்கம் தெரியாது. உத்தரவை இன்றுதான் படித்ததால் நானும் கொட்டகைக்குப் பேசியிருக்கவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து, "பெரியவரே, என்கிட்ட மிஷின் இல்ல, முதுகு மட்டும்தான் இருக்கு" என்றார். அவரும் பக்கத்துச் சலவைக் கடைக்காரரும் சேர்ந்து தூக்கினார்கள். கதவில் உரசி மாமனாரின் முழங்கை தோல் உரிந்தது. ஊசி ஏற்றும் கை அது. சுத்திகரிப்புக்கான ரத்தக் குழாய் இணைப்பு அதில்தான் உள்ளது, மறு கையில் ஏற்ற முடியாது. காயத்தைத் தவிர்த்து இடம் தேடி ஏற்றினார்கள். திரும்பி வந்ததும் என்னிடம், "இனிமே மூட்டையா போக மாட்டேன்மா. தூக்கி வண்டி வந்தா கூப்பிடு, இல்லேன்னா விட்டுரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

11. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ) சக்கர நாற்காலிக் கட்டத்தை ஒப்புதல் குழு கூடும் வரை வைத்திராமல் தங்கள் கையொப்பத்தில் நடைமுறைத் தளத்தில் சேர்க்க அனுமதியுங்கள். நடைமுறைத் தளமும் அதே கிளவுடில் இருப்பதால் ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம், ஏதேனும் பிசகினால் பழையதை உடனே திரும்பக் கொண்டுவரலாம் என்று டீச்சர் எழுதிக் கொடுத்துள்ளார், இணைத்துள்ளேன்.

ஆ) சோதனைப் பிரதிகளைத் திறந்துவிடுங்கள். முழுத் திரையையும் வேறு நிறமாக்கவும், உண்மையான நோயாளிகளின் பதிவை ஏற்காதபடி அடைக்கவும் குழு தயாராக உள்ளது. பிரதியை மூடினால் பிழை வராது என்பது சரிதான். அடுத்த திருத்தமும் வராது.

இ) எழுத்தரை அவர் இருக்கைக்கு அனுப்புங்கள். அவரிடம் கேட்கும் விளக்கத்தை, திரையின் அளவைப் பார்க்காமல் பட்டையை மாற்றிய கூட்டத்தில் இருந்த எங்கள் எல்லோரிடமும் கேளுங்கள். என் பங்கை நான் எழுதித் தருகிறேன்.

12. இதை எழுதும் வரை உறுதியாகாதவை: விசாரணை அறிக்கை இம்மாத இறுதியில் வரும் என்று துணை இயக்குநர் கூறினார். ஒப்புதல் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அதன் பொருள் நிரலில் கட்டம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் எவராலும் சொல்ல முடியவில்லை. நாளை மறுநாள் வியாழக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, எங்கள் வாசலுக்கு எந்த வண்டி வரும் என்பதைக் கொட்டகையில் நாளை மாலை ஐந்து மணிக்கு முடிவு செய்வார்கள். நானும் பேசுவேன்; அதற்குமுன் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போனால் உறுதியாகிவிடும்.

நன்றியுடன்,

(கையொப்பம்)
நோயாளியின் மருமகள்

இடம்: தங்கள் அலுவலகப் பார்வையாளர் அறை
நாள்: செவ்வாய்க்கிழமை, மாலை

இணைப்பு: மென்பொருள் குழுத் தலைவியின் குறிப்பு, ஒரு பக்கம்.